துப்பறிபவர் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்

ஒயின் ஊரில் கொலை நடக்கிற கதைகளுக்கென்றே மேற்கில் ஒரு தனி அலமாரி இருக்கு. சூத்திரம் எளிது. ஒரு பள்ளத்தாக்கு, வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய கல் வீடு, அறுவடை வாரம், நொதிக்கிற தொட்டிக்குள் ஒரு பிணம். நடுநடுவே சாப்பாடு. வாத்துக்கறி, பாலாடைக்கட்டி, எந்த வருஷத்து ஒயின் எந்தக் கறிக்குப் பொருந்தும் என்ற பேச்சு. கொலைகாரன் பிடிபடும்போது வாசகருக்கு விடுமுறை போய்வந்த திருப்தி வந்துவிடும். டிக்கெட் செலவு மிச்சம்.

நான் இந்த வகையை வெறுப்பவன் இல்லை. மார்ட்டின் வாக்கர் எழுதிய 'தி டார்க் வின்யார்ட்' (2009) நாவலை இரண்டு ராத்திரியில் முடித்தேன். பிரான்சின் தென்மேற்கே பெரிகோர் பகுதி, செயின்ட் டெனி என்ற கற்பனை ஊர். புரூனோ என்ற உள்ளூர் போலீஸ்காரர் நன்றாகச் சமைப்பார், ஊரில் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு பெரிய அமெரிக்க ஒயின் நிறுவனம் நிலம் கேட்டு வருகிறது, ஊர் இரண்டுபடுகிறது. கதை அங்கிருந்து பிடிக்கிறது. நிலத்தை விற்கலாமா கூடாதா என்ற சண்டையை வாக்கர் நிஜமாகவே புரிந்து எழுதியிருக்கிறார். கொலையைவிட அதுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் இந்த வகைக்கே ஒரு கேள்வி வைக்கணும். ஊரை எடுத்துவிட்டால் கொலை அப்படியே நிற்குமா? நின்றால் ஊர் வெறும் சுவர்ப்படம். எட்கர் ஆலன் போ 1846-லேயே இந்தத் தேர்வில் பாஸ் பண்ணிவிட்டார். 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ' சில பக்கங்களே உள்ள கதை. எதிரியை நிலவறைக்குள் கூட்டிப்போக மாண்ட்ரெசாருக்குக் கத்தியோ கயிறோ வேண்டாம். "உன்னைவிட இன்னொருத்தனுக்கு ஒயின் நன்றாகத் தெரியும்போல" என்ற தொனி போதும். ஃபார்ச்சுனாட்டோ தன் ருசிப் பெருமையாலேயே தானாக நடந்து உள்ளே போகிறான். ஒயினை எடுத்துவிட்டால் அந்தக் கொலை கிடையாது.

தொட்டிப் பிணத்துக்கும் அப்படி ஒரு நியாயம் உண்டு. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு நொதித்து முடிவதற்குள் ஏறக்குறைய 50 லிட்டர் கரியமில வாயுவை வெளியே தள்ளும். அது காற்றைவிடக் கனமானது. தொட்டியின் அடியிலும் நிலவறைத் தரையிலும் தேங்கி நிற்கும். குனிந்தவன் நிமிரமாட்டான். இது யாருக்கு முதலில் தெரியும்? எஸ்டேட் முதலாளிக்கா, தொட்டி கழுவ இறங்குகிறவனுக்கா? பெரும்பாலான ஒயின் கொலைக்கதைகள் இந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. 2023 செப்டம்பர் அறுவடையில் ஷாம்பேன் பகுதியில் கொளுத்தும் வெயிலில் திராட்சை பறித்த தொழிலாளர்கள் சிலர் இறந்துபோனார்கள். அதே அறுவடைக்குப் பல நாடுகளிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து மிருகங்களைப்போல அடைத்து வைத்திருந்த வழக்கில், 2025-ல் மூன்று பேரை ஆள்கடத்தல் குற்றவாளிகள் என்று பிரெஞ்சு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒயின் ஊரில் நடந்த நிஜக் குற்றம் அது. அங்கே மர்மம் எதுவும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்துதான் நடந்தது. அதனாலேயே நாவலுக்குத் தோதுப்படாது போல.

இதையெல்லாம் எதற்குக் கீழச்சிவல்பட்டியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன் என்றால், ஒயின் ஊர் என்பது உண்மையில் ஒயினைப் பற்றியது இல்லை என்று நினைப்பதால்தான். நம்மூரில் ஒயின் ஷாப்பில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் விற்கும், அது வேறு கதை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை இருக்கு, 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடுகூட வாங்கியாச்சு. ஆனால் தமிழ் மர்மக்கதையில் அந்தக் கல் வீட்டின் இடத்தைப் பிடித்தது வேறொன்று: பூட்டிக்கிடக்கும் பெரிய வீடு. அரண்மனை, ஜமீன் பங்களா, செட்டிநாட்டு வீடு என்று சினிமாவுக்கு ஏற்ப பெயர் மாறும். வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு அழகு, பழமை, கொஞ்சம் பயம், உள்ளே பணம் இருக்கும் என்ற நினைப்பு. ஒயின் ஊர் தருவதும் இதே கலவையைத்தான்.

தமிழ்த் துப்பறியும் கதையின் தொடக்க காலத்தில் ஊர் இருந்தது. ஜே.ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்' 1908-ல் வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஒரு நாவலுக்கு 'கும்பகோணம் வக்கீல்' என்றே பெயர். பிறகு எங்கள் பக்கத்து தேவகோட்டையிலிருந்து தமிழ்வாணன் போனார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட அந்தக் 'கல்கண்டு' ஆசிரியரின் சங்கர்லால் உலகம் பூரா சுற்றினார். பெர்லின், நியூயார்க் என்று ஊர்ப் பெயர் அட்டையிலேயே இருக்கும். தேவகோட்டைக்காரர் ஒருவர் தன் துப்பறிவாளரை நியூயார்க்குக்கு அனுப்பியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்தப் பக்கத்து ஆட்களே ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் போய்த்தான் சம்பாதித்தார்கள். கதையும் கடல் கடந்துதான் சம்பாதித்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்த நாவல் என்றால் சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. ஆனந்த விகடனில் தொடராக வந்தது, 1981-ல் படமும் ஆனது. கணேஷும் வசந்தும் இதில் இல்லை. கல்யாணராமன் என்ற பட்டணத்து இளைஞன் நாட்டுப்புறப் பாடல் ஆராய்ச்சிக்காகத் திருநிலம் என்ற கிராமத்துக்கு வருகிறான். தங்குவது ஆளில்லாத ஜமீன் மாளிகையில். ராத்திரி சத்தங்கள். வெள்ளி என்ற ஊர்ப் பெண், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற மருதமுத்து. பிறகு ஜமீன் வாரிசாக வந்து இறங்குகிற சினேகலதா. மருதமுத்து சினேகலதாவைப் பார்த்துக் கிறங்கிப்போகிறான். சினேகலதா கொல்லப்படுகிறாள். பழி மருதமுத்து மேல். கொலைகாரர் யார் என்று சொல்லமாட்டேன், இன்னும் வாசிக்காதவர்கள் இருப்பீர்கள்.

இந்த நாவல் ஏன் மற்றவற்றைவிட மேலே நிற்கிறது என்று கேட்டால், என் பதில் பாட்டு. சுஜாதா நாட்டார் பாடல்களை நாவல் நெடுக ஊடும் பாவுமாக நெய்திருக்கிறார். நா. வானமாமலை போன்றவர்கள் பாடல்களைத் தொகுத்துப் பல்கலைக்கழகங்கள் அதைப் படிப்பாக ஏற்கத் தொடங்கிய காலம் அது. கிராமத்தான் வாயிலிருந்து பாட்டை எழுதிக்கொண்டு போய்ப் பட்டம் வாங்குவது அப்போது புதிய வேலை. கல்யாணராமன் அந்தக் காலத்தின் சரியான பிரதிநிதி. அவன் பாட்டைத் தேடி வருகிறான், ஊரில் வேறு சிலர் புதையலைத் தேடுகிறார்கள். இரண்டு தேடலையும் ஒரே வீட்டுக்குள் வைத்ததுதான் சுஜாதாவின் கெட்டிக்காரத்தனம். ஊரிடம் இருப்பதை எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள்தான் இருவருமே. கல்யாணராமன் நல்லவன், கேட்டு எடுக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் சுஜாதா அந்த வித்தியாசத்தை அரித்துப் பார்க்கவில்லை. கல்யாணராமனின் கண் வழியாகவே எல்லாம் நடக்குது. அவன் கூச்சம், அவன் நகைச்சுவை, வெள்ளி மேல் அவனுக்கு வருகிற சொல்லாத பிரியம். இதெல்லாம் அருமையாக வந்திருக்கு. வெள்ளி நம் மனதில் நிற்பதற்குக் காரணம் அவள் பேச்சின் சுறுசுறுப்பு. இருந்தாலும் கணக்குப் பாருங்கள்: ஊர்க்காரன் சந்தேகிக்கப்படுகிறான், ஊர்க்காரி அழுகிறாள், யோசிக்கிற வேலை பஸ்ஸில் வந்து இறங்கியவனுக்கு. பிறந்ததிலிருந்து அந்த மாளிகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு ஊர் நிறைய இருக்க, அங்கே நேற்று வந்தவன்தான் அதைத் 'துப்பறிய' முடிகிறது. சுஜாதா என்ற ஒரு ஆளின் குறை இல்லை இது. இந்த வகை எழுத்தின் எலும்பே அப்படி. புரூனோ உள்ளூர்க்காரர் என்பதால்தான் வாக்கரை மேலே பாராட்டினேன்.

எனக்கு இது ஏன் உறுத்துகிறது என்பதையும் சொல்லிவிடணும். எங்கள் ஊர் திருப்பத்தூருக்கும் திருமயத்துக்கும் இடையில் இருக்கு. பெரிய வீடுகள் பலவும் வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணம், படைப்பு, கோயில் காரியம் என்றால் திறக்கும். என் அப்பா இருபது வருஷத்துக்கு மேல் அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டவர். சாயங்காலம் முகப்பில் விளக்கேற்றுவார், மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் பிடிப்பார், வளவில் இலை கூட்டுவார். ஒரு தடவை படைப்புக்கு எல்லாரும் வந்தபோது ஒரு பெரிய பித்தளைக் குத்துவிளக்கைக் காணோம். ஆச்சி ஒருத்தர் அப்பாவைப் பார்த்துச் சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"ஏன்ப்பா, கடைசியா உள்ள எப்ப போனே?"

"விளக்கேத்தத்தான் ஆச்சி போவேன். வளவு தாண்டி ரெண்டாங்கட்டுக்கு சாவியே எங்கிட்ட இல்லைங்க."

அவ்வளவுதான் விசாரணை. போலீஸ் வரவில்லை. ஆனால் இரண்டு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மர்மத்தை உடைத்தது கோயம்புத்தூரில் இருந்த ஒரு வயசான ஆச்சியின் போன். அந்த விளக்கின் அடியில் எந்த விலாசம் வெட்டியிருந்தது என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் பாத்திரம் பண்டம் எல்லாவற்றிலும் குடும்பத்தின் பெயரெழுத்துகளை வெட்டி வைப்பார்கள், அதற்கு விலாசம் என்று பேர். ஒருத்தருக்கு ஞாபகம் வந்தது. அது வீட்டுச் சொத்து இல்லை, அந்த வீட்டுக்கு வந்த ஒரு மருமகளின் சீர். அவர் கல்யாணத்தில் கொடுத்த சாமான்களை எழுதி வைத்த சிட்டையில் இருந்தது. அவர் மகள் முந்தின வருஷமே முறையாக எடுத்துப்போயிருக்கிறார். ஏட்டைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது, விஷயம் முடிந்தது. அப்பாவிடம் யாரும் தனியாக எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

கைரேகை, பூதக்கண்ணாடி எதுவும் இல்லாமல், முழுக்க முழுக்க ஊர் அறிவால் துலங்கிய வழக்கு அது. செட்டிநாட்டில் எழுதாமல் எதுவும் நடக்காது. பேரேடு, மொய் ஏடு, கல்யாணத்துக்கு இசைகுடிமானம், சாமான் சிட்டை. இத்தனை காகிதம் உள்ள ஒரு சமூகத்தில் ஒரு துப்பறியும் நாவலாசிரியன் பிறந்திருந்தால் அவனுக்கு விருந்து. நான் வாசித்தவரையில் இந்த ஏடுகளைத் தடயமாக வைத்து ஓடுகிற தமிழ்க் கொலைக்கதை ஒன்று கண்ணில் படவில்லை. பெரிய வீடு வந்தால் உடனே பேய், சுரங்கம், புதையல். பத்தாயத்தில் பிணம் விழுகிற காட்சியை யோசிக்கிறவர்கள் அந்தப் பத்தாயத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று யோசிப்பதில்லை.

பங்கு என்று சொன்னேன். இங்கேதான் நாம் ஆங்கிலக் கதையிலிருந்து எடுத்த அச்சு பொருந்தாமல் போகிறது. கிறிஸ்டி காலத்து மாளிகைக் கொலைகளில் பாதி உயிலில் பிறப்பவை. கிழவர் நாளைக்கு வக்கீலை வரச்சொல்லியிருக்கிறார், அதனால் இன்றைக்கு ராத்திரியே முடிக்கணும். அந்த ஊர்ச் சட்டத்தில் ஒருத்தர் தன் சொத்து முழுவதையும் ஒரே ஆளுக்கு எழுத முடியும். இங்கே பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு. தமிழ்நாட்டில் 1989-லிருந்து மகளுக்கும், 2005-லிருந்து நாடு முழுக்க. செட்டிநாட்டு வீட்டில் வளவைச் சுற்றி ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை, அந்த மகன்களின் மகன்களுக்கு அதில் பாகம், இப்படியே போய் இன்றைக்கு ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி. அதில் ஒருத்தரைக் கொன்றால் என்ன கிடைக்கும்? நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் அவர் பிள்ளைகளுக்குத்தான் போகும். கொலைகாரனுக்கு வக்கீல் செலவுக்குக்கூட ஆகாது.

ஜமீன் அப்படி இல்லை. 1904-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் ஒன்று ஜமீன்களைப் பாகம் பிரிக்க முடியாத எஸ்டேட்டுகள் என்று வைத்தது. மூத்தவனுக்கு மொத்தமும். 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு கிராமங்கள் போயின, மாளிகைகள் மிஞ்சின. வாரிசு என்று ஒரே ஒரு இளம்பெண் வந்து நிற்பதும், அவள் உயிருக்கு ஒரு விலை இருப்பதும் ஜமீனில் பொருந்துகிற கதை. சுஜாதா இதை யோசித்துத்தான் ஜமீனைத் தேர்ந்தெடுத்தாரா தெரியாது, ஆனால் தேர்வு சரி. அவருக்குப் பின்னால் வந்து, சினிமாவிலும் சீரியலிலும், அதே கதையை காரைக்குடி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள்தான் இடறினார்கள். வியாபாரி வீட்டுக்கு ஜமீன்தார் வேஷம் போட்டால் மீசை ஒட்டாது.

அப்படியென்றால் இங்கே கொலைக்கு நோக்கமே கிடையாதா? இருக்கு. இரண்டு. ஒன்று, பிள்ளை கூட்டுவது. குழந்தை இல்லாத வீட்டுக்கு சுவீகாரம் எடுப்பது நகரத்தாரிடம் வழக்கம். பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனே சுவீகாரம் போனவர்தான். யாரைக் கூட்டுவது என்பதில் ஒரு வீட்டின் முழு வரலாறும் திரும்பும். இன்னொன்று கையெழுத்து. பூட்டிக் கிடக்கிற வீட்டைப் பிரித்து விற்க வேண்டுமென்றால் எல்லாப் பங்காளியும் சம்மதிக்கணும். முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டாச்சு, ஒருத்தர் மட்டும் "ஐயா கட்டுன வீடு, என் காலம் இருக்கட்டும்" என்கிறார். தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் என்ன விலைக்குப் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். வாக்கரின் நாவலில் நிலம் கேட்டு அமெரிக்க நிறுவனம் வருகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது இதனால்தான். அங்கே திராட்சை நிலம், இங்கே தூண்.

அந்தத் தூண்களையும் கொஞ்சம் விசாரிக்கணும். பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் என்று சுற்றுலாக் கையேடு வரிசையாகச் சொல்லும். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியாச்சு. பர்மா என்ற சொல்லை மட்டும் மரத்தின் அடைமொழியாக விட்டுவிடுகிறோம். கீழ்ப் பர்மாவில் நெல் விளைகிற 13 முக்கிய மாவட்டங்களில், 1930-ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம். எட்டு வருஷத்தில் யாரும் திட்டம் போட்டுக் கொள்ளையடிக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. வெள்ளைக்காரன் வங்கி பர்மிய விவசாயிக்குக் கடன் தராத காலத்தில் தந்தவர்கள் இவர்கள்தான் என்பதும் உண்மை, நிலம் போன விவசாயிக்கு அந்த உண்மை சோறு போடவில்லை என்பதும் உண்மை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களும் இவர்களே. யார் மேல் வழக்குப் போடுவது?

ஒரு நல்ல ஒயின் ஊர் நாவலோ பெரிய வீட்டு நாவலோ இந்த இடத்துக்கு வரத் துணியணும் என்று நினைக்கிறேன். இப்போது நமக்குக் கிடைப்பதில் வீடு சாட்சியாக நிற்கிறது, அழகான சாட்சி. அதைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். 'கரையெல்லாம் செண்பகப்பூ' அந்தப் பக்கமாக இரண்டடி நடக்கிறது. ஜமீன் மாளிகையின் பழங்கதை இன்றைய கொலைக்குள் வந்து விழுவதாக அமைத்தது சுஜாதாவின் தைரியம். பிறகு தொடர்கதைக்கே உள்ள அவசரத்தில் கதவு, மறைவிடம், ராத்திரித் துரத்தல் என்று ஓட வேண்டியிருக்கு. வாரம் ஒரு திடுக்கிடல் தந்தாக வேண்டியவரிடம் இதற்கு மேல் கேட்பது பேராசை. இன்று எழுதுகிறவர்களுக்கு அந்த வாரக்கெடு இல்லையே. வெள்ளி மாதிரி ஒருத்தியோ, சாவிக்கொத்து வைத்திருக்கிற ஒருத்தரோ யோசிக்கட்டும். பட்டணத்திலிருந்து வந்தவர் வேண்டுமானால் செத்துப்போகட்டும், ஒரு மாறுதலுக்கு.

எங்கள் ஊரில் இப்போது ஒரு வீட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று டீக்கடையில் சொன்னார்கள். பெரியவருக்கு எண்பத்தேழு வயசு, தினமும் காலையில் நடக்கப் போகிறாராம், சர்க்கரைகூட இல்லையாம்.